ஒரே கணினியில் விண்டோசும் லினக்சும்: கணக்கைக் காத்த பிறகே!

கடைக்குப் புதிதாக மடிக்கணினி வாங்கும் வணிகர்களிடம் ஒரு யோசனை சொல்லப்படுகிறது. விண்டோசை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே லினக்சையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்பதே அது. லினக்சுக்கு விலை கிடையாது. நல்ல யோசனைதான். ஆனால் கணக்கு வழக்கைப் பத்திரப்படுத்தாமல் இதில் இறங்கக் கூடாது என்பது என் கருத்து.

இது நமக்குப் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு வந்த கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்.

விண்டோசை அடியோடு கைவிட நம்மால் இயலாது. நம்மில் பலர் கணக்கு எழுதும் டேலி, விண்டோசில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஆகவே கணக்கு அங்கேயே இருக்கட்டும். மின்னஞ்சல், இணையம், விலைப்பட்டியல் ஆகியவற்றை லினக்சில் பார்க்கலாம். விண்டோசுக்கென எழுதப்பட்ட வைரஸ்கள் பொதுவாக லினக்சில் ஓடா.

ஆபத்து எங்கே? சரக்கு இருக்கும்போதே கிடங்கின் நடுவில் சுவர் எழுப்புவது போன்ற வேலை இது. கை தவறினால் வட்டு முழுவதும் அழியும். பேரேடும் கடன் பாக்கியும் அதோடு போகும். பாக்கிக்காரர் எல்லாரும் தாமாக வந்து தொகையைச் சொல்லப் போவதில்லை!

எனவே முதலில், கணக்குகளை வெளி வட்டில் நகல் எடுங்கள். அந்த நகல் வேறு கணினியில் திறக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது, புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு பூட்டப்பட்டே இருக்கிறது. தொடக்க அமைப்புகளை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அதை முன்னரே தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். மூன்றாவது, லினக்சுக்கான இடத்தை விண்டோசுக்குள் இருந்தே ஒதுக்குங்கள். லினக்சை நிறுவும்போது வட்டை முழுதாக அழிக்கவா என்று கேட்டால், வேண்டாம் என்பதே பதில்.

ஏற்றியதோடு கவலை தீர்ந்துவிடாது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு, இப்படி இரண்டும் இருந்த கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. ஆகவே நகல் எடுக்கும் பழக்கம் தொடர வேண்டும்.

மார்ச் கணக்கு முடிக்கும் நேரத்திலும், தீபாவளி, பொங்கல் வியாபாரத்தின் நடுவிலும் இவ்வேலை வேண்டாம். நமது சங்கமே ஒரு நாள் பயிற்சி முகாம் நடத்தினால், சிறு வணிகர்கள் ஆளுக்கொருவரை நம்பி அலைய நேராது. நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டும்.