பிள்ளைகளை வெளியே விடுங்கள்

மும்பையில் எந்தத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் போனாலும், பாரதியாரின் பாப்பாப் பாட்டை ஒப்பிக்க ஒரு குழந்தையாவது மேடை ஏறாமல் இருக்காது. நாமும் மகிழ்ந்து கை தட்டுகிறோம். மாலைப் பொழுதை விளையாட்டுக்கென்று ஒதுக்கிவிடச் சொல்லும் பாட்டு அது. ஒப்பித்துப் பரிசும் வாங்கிய குழந்தை, மறுநாள் மாலை ஐந்து மணிக்கு எங்கே இருக்கிறது? டியூஷனில் இருக்கிறது. டியூஷன் இல்லாத நாளில் செல்போனும் கையுமாக வீட்டு மூலையில் இருக்கிறது.

தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், ரயில் போகும் தூரத்துக்குக் கல்யாண், அம்பர்நாத் வரையிலும் நம்மவர் குடியிருக்கும் வீடுகள் பல ஒற்றை அறை வீடுகளே. சமையல், படுக்கை, படிப்பு, விருந்தாளி எல்லாம் அந்த ஒரே அறையில்தான். முன்பும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அன்றைய பிள்ளைகள் அந்த அறைக்குச் சாப்பிடவும் தூங்கவும் மட்டுமே வந்தார்கள். மற்ற நேரமெல்லாம் சாலின் முற்றமும், சந்தும், பக்கத்து மைதானமும் அவர்களுக்குச் சொந்தம். இன்று அறையின் அளவு கூடவில்லை. பிள்ளை மட்டும் நாள் முழுவதும் அதற்குள்ளேயே கிடக்கிறான்.

இதற்குப் பெற்றோரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. காலை ஆறு மணி வண்டியைப் பிடித்துப் போகும் தந்தை திரும்பி வர இரவு ஒன்பது ஆகிறது. தாயும் வேலைக்குப் போகிறாள். சந்தில் மோட்டார் சைக்கிள்கள் பாய்கின்றன. முற்றத்தில் வண்டிகள் நிற்கின்றன. புதிதாகக் கட்டிய சொஸைட்டிக் கட்டடம் என்றால், பந்து விளையாடக் கூடாது என்ற பலகை வாசலிலேயே வரவேற்கிறது. "பிள்ளை வீட்டுக்குள் இருந்தால் நிம்மதி" என்று ஒரு தாய் நினைத்தால் அதில் தப்பென்ன? ஆனால் அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலை என்ன என்பதை நாம் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

முதல் விலை, கண். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பிலேயே கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். செல்போனைப் பார்த்துக் கெட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. வெயில் வெளிச்சம் கண்ணில் படாததும் ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை, பள்ளி நாட்களில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்க வைத்தார்கள். மற்றப் பள்ளிகளில் வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வழக்கப்படி இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போனவர்களில் அது நூற்றுக்கு 30 அளவில் நின்றது. இந்த முடிவு 2015-ல் வெளியாயிற்று. தைவான் அரசோ அதற்கு முன்பே, 2010 முதல், தினமும் 120 நிமிடம் பிள்ளைகளை வெளிச்சத்தில் இருக்கச் செய்யப் பள்ளிகளை முடுக்கிவிட்டது.

காரணம் எளிதானது. ட்யூப் லைட் எரியும் அறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியே மர நிழலில் நின்றால்கூட அது பல ஆயிரம். வளரும் கண்ணின் விழிக்கோளம் அளவுக்கு மீறி நீண்டுவிடாமல் தடுக்க அந்த வெளிச்சம் உதவுகிறது என்று கருதுகிறார்கள். இதற்கு மருந்துச் சீட்டு வேண்டாம், கட்டணமும் வேண்டாம். உச்சி வெயிலில் நிறுத்த வேண்டும் என்பதும் இல்லை. காலையும் மாலையும் போதும். ஏற்கெனவே கண்ணாடி போட்டுவிட்ட பிள்ளை அதைக் கழற்றிவிடலாம் என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வரையறுத்திருக்கிறது. வாரம் ஒரு நாள் பள்ளியில் நடக்கும் டிரில் வகுப்பு இந்தக் கணக்கில் எந்த மூலைக்கு?

நம் போன்ற வெளிமாநிலத் தமிழர்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. அது மொழி. பள்ளிகளில் மராத்தியைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு 2020-ல் சட்டம் இயற்றியது. உடனே மராத்திக்கென்று தனி டியூஷன் தேடி அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தக் குடும்பத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு மராத்தி யார் சொல்லிக் கொடுத்தது என்று. சந்துதான் சொல்லிக் கொடுத்தது. நாம் கிட்டிப்புள் என்றோம், அவர்கள் விட்டி தாண்டு என்றார்கள். நமக்கு ஏழு கல், அவர்களுக்கு லகோரி. நம் சடுகுடு அவர்களுடைய ஹுதூதூ. ஆட்டம் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. அவுட்டா இல்லையா என்று ஒரு நாள் சண்டை போட்டால் பத்துப் பாடத்து இலக்கணம் தானாக நாக்கில் ஏறிவிடும். அடுத்த சால் பிள்ளையோடு ஆடி வளர்ந்தவனை "வெளியூர்க்காரன்" என்று ஒதுக்குவதும் அவ்வளவு சுலபமல்ல.

தன்ராஜ் பிள்ளையைத் தெரியாதவர் இருக்க முடியாது. புனேயை அடுத்த கட்கியில் 1968-ல் பிறந்தவர், தமிழ்க் குடும்பம். தந்தை, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மைதானக் காவலர். அந்தத் தொழிலாளர் குடியிருப்பு மைதானத்தில், பிறர் கழித்துப் போட்ட பந்தையும் உடைந்த மட்டையையும் வைத்துக்கொண்டுதான் அண்ணன் தம்பிகள் ஹாக்கி ஆடினார்கள். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடியவர் அவர். 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஹாக்கித் தங்கம் வென்றபோது அணித் தலைவரும் அவரே. எல்லாப் பிள்ளையும் தன்ராஜ் ஆகப் போவதில்லை; ஆக வேண்டும் என்பதும் நம் வாதமல்ல. அந்தக் குடியிருப்பில் ஒரு மைதானம் இருந்தது, பிள்ளைகளை அதில் ஆட விட்டார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்கச் சொல்கிறோம்.

பெண் குழந்தைகள் நிலை இதைவிட மோசம். பத்து வயதானதும் "போதும், உள்ளே வா" என்று அழைத்துக்கொள்கிறோம். அண்ணன் தெருவில் ஆட, தங்கை தண்ணீர் பிடிக்கிறாள். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையில் இந்திய ஆண்கள் மட்டுமல்ல, பெண்கள் அணியும் கோப்பையை வென்றது. அதே ஆண்டு பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணைத் தலைவி கார்த்திகா, சென்னை கண்ணகி நகரில் வளர்ந்தவர். குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் அது. துணைக்கு ஆள் இல்லை, பயமாக இருக்கிறது என்றால், நாலு வீட்டுப் பெண் குழந்தைகளைச் சேர்த்து அனுப்பலாம். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரோ, ஒரு பாட்டியோ அருகில் உட்கார்ந்திருக்கச் சம்மதிக்காமல் போக மாட்டார். ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்த வேலைதான் இது.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. நாலு மாதமும் பிள்ளையைப் பூட்டி வைக்க முடியாது. நனைந்தால் தலையைத் துவட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் தேங்கி நிற்கும் தண்ணீரில் மட்டும் இறங்கவே விடக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், காலில் ஒரு சிராய்ப்பு இருந்தாலே போதும், உள்ளே புகுந்துவிடும். 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு இந்த நகரம் அதை நன்றாகவே அனுபவித்தது. தவறி இறங்கிவிட்டால் கால்களை சோப்புப் போட்டுக் கழுவி, தாமதிக்காமல் மாநகராட்சி மருத்துவ நிலையத்தில் காட்டுவது நல்லது.

இனி இடத்துக்கு வருவோம். மும்பையில் ஆளுக்குக் கிடைக்கும் திறந்தவெளி ஒன்றேகால் சதுர மீட்டர் அளவுதான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஒருவர் படுக்கும் பாயை விரித்தால் அது இதைவிட அதிக இடம் பிடிக்கும்! நகரங்களில் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

இந்த நகரத்தில் இருக்கிற மைதானங்கள் தாமாக வந்துவிடவில்லை. 1896-ல் பிளேக் நோய் வந்து நெருக்கடியான குடியிருப்புகளில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதன் பிறகுதான் 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று திட்டமிட்டு தாதர், மாட்டுங்காவில் அகலமான சாலைகளையும் தோட்டங்களையும் விட்டார்கள். நம்மவர்களில் ஒரு தலைமுறை குமாஸ்தாக்கள் மாட்டுங்காவில் குடியேறி, மாலையில் ஐந்து தோட்டத்தில் பிள்ளைகளை விளையாட விட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் அந்தத் திட்டமே. சிவாஜி பார்க் 1925-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த குடியிருப்புகளில் அப்படி இடம் ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இப்போது தாராவி மறுசீரமைப்பு நடக்கிறது. நம்மவர் கூடும் இடத்திலெல்லாம் பேச்சு அதைப் பற்றித்தான். தகுதி உண்டா இல்லையா, 350 சதுர அடி கிடைக்குமா, எந்த மாடி, எங்கே அனுப்புவார்கள் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான், வாழ்க்கைப் பிரச்னை. ஆனால் பிள்ளை விளையாட எத்தனை சதுர அடி, அது வரைபடத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, கார் நிறுத்தும் இடத்தையே மைதானம் என்று காட்டியிருக்கிறார்களா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? கட்டடம் எழும்பிய பிறகு கேட்டுப் பயனில்லை. இருபதாவது மாடியில் இருக்கும் பிள்ளைக்குச் சந்துகூட இருக்காது.

பள்ளிக்கூடங்களைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். மைதானம் உள்ள பள்ளிகளில், வகுப்பு முடிந்ததும் வாசலைப் பூட்டிவிடாமல் மாலை ஏழு மணி வரை அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் மாநகராட்சிக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஒரு காவலாளியின் சம்பளம்தான். தேர்தல் வந்தால் தமிழ் ஓட்டைத் தேடி நம் சந்துக்கு வரும் கட்சிக்காரர்களிடம், சங்கத்துக்கு நாற்காலியும் விழாவுக்கு மைக்செட்டும் கேட்பதை நிறுத்திவிட்டு இதைக் கேட்கலாம்.

சொந்தக் கட்டடம் உள்ளவர்கள் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. கூட்டுறவு வீட்டுவசதி சொஸைட்டிகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை செப்டம்பர் 30-க்குள் நடத்துகின்றன. தண்ணீர்க் குழாய், லிப்ட், வண்டி நிறுத்தக் கட்டணம் இவற்றோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. இந்த ஆண்டு நோட்டீஸ் வரும்போது, மாலை ஐந்து முதல் ஏழு வரை முற்றத்தில் பாதியில் வண்டி நிறுத்தக் கூடாது என்று ஒரு தீர்மானத்தை எழுத்து மூலம் செயலாளரிடம் கொடுங்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் மூன்றாமவரும் போடுவார். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் யார் காசு கொடுப்பது என்ற கேள்வி கட்டாயம் எழும். ரப்பர் பந்து என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.