அதிகம் படித்த குற்றம்

டாக்டர் பட்டம் வாங்கியவனுக்கு வேலை இல்லை என்று சொல்ல இப்போது ஒரு நாகரிகமான வார்த்தை அகப்பட்டிருக்கிறது: 'மிகைத் தகுதி'. தகுதி போதாது என்று விரட்டினால் அவன் படித்துவிட்டுத் திரும்பி வருவான். தகுதி கூடிவிட்டது என்றால் என்ன செய்வான், பாவம்? படித்ததை வாந்தியா எடுக்க முடியும்?

2015-ல் உத்தரப் பிரதேசத் தலைமைச் செயலகத்தில் 368 பியூன் வேலைகள் காலியாயின. கேட்ட யோக்கியதை ஐந்தாம் வகுப்பும், சைக்கிள் விடத் தெரிவதும். வந்து குவிந்த மனுக்கள் 23 லட்சம். அவற்றுள் 255 டாக்டர் பட்டக்காரர்களுடையவை. படித்தவர்கள் பலர் சிரித்தார்கள். காலேஜைப் பாதியில் விட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சைக்கிள் விடத் தெரியுமா என்று கேட்கட்டும். ஏன் இவ்வளவு படித்தாய் என்று கேட்கலாமா? சட்டப்படி கேட்கலாம். ஒடிஷாவில் ஒரு வங்கி, பியூன் வேலைக்குப் பட்டதாரி வரக்கூடாது என்று விளம்பரம் செய்தது. ஒருவர் பட்டத்தை மறைத்து மனுப்போட்டுத் தேர்வும் ஆனார். விஷயம் வெளிப்பட்டது, வேலை போயிற்று. 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் வங்கியின் பக்கமே தீர்ப்பளித்தது. 'டாக்டர் என்று மனுவில் எழுதாதே, தம்பி' என்று உபதேசிக்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொன்னால் வேலை கிடைக்காது. மறைத்தால் கிடைத்தது நிலைக்காது.

ஐந்தாவது படித்தவன் சோற்றில் இவன் கைவைக்கலாமா என்கிறார்கள். நியாயமான கேள்வி. கடைநிலை வேலைகளை அந்த ஏழைக்கே ஒதுக்குங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் குமாஸ்தா வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் அதே பதிலா? 'நல்ல இடம் கிடைத்தால் ஓடிவிடுவான்' என்பது முதலாளி சொல்லும் காரணம். எங்கே ஐயா ஓடுவான்? பல்கலைக்கழகத்துக்கா? அங்கே உதவிப் பேராசிரியராக, 2021 ஜூலை முதல் டாக்டர் பட்டம் கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதி செய்தது. அதை நம்பி எத்தனை பேர் வருஷக் கணக்கில் ஆராய்ச்சியில் உட்கார்ந்தார்கள்! கெடு 2023-க்குத் தள்ளிப் போயிற்று. 2023-ல், கட்டாயமே இல்லை, 'நெட்' முதலிய தேர்வுகள் போதும் என்று விதி மாறிவிட்டது. அங்கே பட்டம் தேவையில்லை. இங்கே பட்டம் அதிகம்!

ஓடிவிடுவான் என்ற பயம் எனக்குப் பாதிதான் நம்பிக்கையாகிறது. அவன் ஓடாமல் பக்கத்து மேஜையிலேயே இருந்து, மானேஜர் எழுதிய கடிதத்தில் பிழை கண்டுபிடித்துவிட்டால்? சம்பளத்தை விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். அதற்குச் சம்மதித்து வருகிறவன் டாக்டரா, எம்.ஏ.யா என்பது அவன் பாடு.