சென்னை மாடு விலைக்கு வருகிறதா? உண்ணியைப் பார்த்து வாங்குங்கள்!

மயிலாப்பூர் மாட வீதி, தி.நகர், அடையாறு எனச் சென்னையில் எங்கு போனாலும் சாலையில் கறவை மாடுகளைப் பார்க்கலாம். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடு முட்டிய பிறகு, மாநகராட்சி கெடுபிடியை அதிகமாக்கியது. 2,000 ரூபாயாக இருந்த அபராதம் 5,000 ஆனது. 2024-ல் அது 10,000 ரூபாயாகவும், மறுமுறை பிடிபட்டால் 15,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

கட்டி வளர்க்க இடமில்லாதவர்கள் மாட்டை வெளியூருக்கு விற்கத்தான் பார்ப்பார்கள். நல்ல கறவை, விலையும் குறைவு என்றால் வாங்கத் தோன்றும். வாங்குவதில் தவறில்லை. ஆனால், பல தெரு மாடுகளோடு கலந்து திரிந்த மாடு உண்ணியையும் அதன் நோயையும் சேர்த்துக் கொண்டுவரலாம்.

நோய் எப்படி வருகிறது?

முதுகில் கெட்டியான ஓடு உள்ளவை கடின உண்ணிகள். நம் மாடுகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று, சாதாரண மாட்டு உண்ணி. குஞ்சாக ஏறி, சுமார் 3 வாரம் அதே மாட்டிலேயே வளரும். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, 2,000-க்கும் மேல் முட்டையிட்டுச் சாகும். இது பரப்பும் பபேசியா கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும்.

இன்னொன்று ஹயலோமா. கால்களில் வெள்ளை வளையம் தெரியும். இளம் பருவத்தில் ரத்தம் குடித்துவிட்டு விழுந்து, சுவர் வெடிப்பில் தோலுரித்து, அடுத்து வேறு மாட்டில் ஏறும். இது பரப்புவது தைலேரியா. இதிலிருந்து பிழைத்த மாடு பார்க்க நன்றாக இருக்கும், பாலும் கறக்கும். ஆனால், ரத்தத்தில் கிருமி தங்கியிருக்கும். அந்த மாட்டைக் கடித்த உண்ணி அடுத்து உங்கள் கலப்பினக் கன்றைக் கடித்தால், கன்று செத்தே போகலாம்.

அறிகுறிகள்

* தைலேரியா: கடும் காய்ச்சல், தோள்பட்டைக்கு முன்னால் நெறிகட்டுதல், மூச்சிரைப்பு
* பபேசியா: காய்ச்சல், காபி நிறச் சிறுநீர்
* அனபிளாஸ்மா: ரத்தசோகை, மஞ்சள் காமாலை, மலச்சிக்கல்

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நீங்களாக ஊசி போடாதீர்கள். 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

1. வாங்கும் முன் காதின் உட்புறம், மடி, தொடை இடுக்கு, வாலடியைத் தடவிப் பாருங்கள்.
2. வந்த மாட்டை 3 வாரம் தனியாகக் கட்டுங்கள். கால்நடை மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைலேரியாவுக்குத் தடுப்பூசி உண்டு. உங்கள் மாட்டுக்குப் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
3. மாட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் போதாது. முட்டையும் குஞ்சும் கொட்டகையில்தான் இருக்கின்றன. வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். மருந்தைத் தரை, சுவர் இடுக்குகளிலும் அடியுங்கள். 3 வாரத்துக்குள் அடுத்த முறை மருந்திடுங்கள்.
4. மருந்தின் அளவை லேபிளில் உள்ளபடி கலக்குங்கள். குறைத்து அடித்தால் பிழைக்கிற உண்ணிக்கு எதிர்ப்புச் சக்திதான் வளரும். பால் விற்பவர்கள், எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
5. மூலிகை முறை: பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி தலா ஒரு கைப்பிடி. அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, வெயில் நேரத்தில் மாட்டுக்கும் கொட்டகை இடுக்குகளுக்கும் வாரம் ஒருமுறை தெளியுங்கள்.
6. உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். 2011-ல் குஜராத்தில் மனித உயிர்களைப் பறித்த கிரிமியன் காங்கோ காய்ச்சலைப் பரப்புவதும் ஹயலோமா வகை உண்ணிதான். கையுறை போட்டுப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுங்கள்.

மாட்டின் விலையோடு 3 வாரத் தீவனச் செலவையும் பரிசோதனைச் செலவையும் கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் கட்டுப்படியானால் தாராளமாக வாங்குங்கள்.