சல்வாவின் நடையும் மூடிய வாசலும்: அகதியின் கதையைப் படிக்கும் பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள்?

அமெரிக்காவின் பல பள்ளிகளில் ஆண்டுதோறும் ஒரு நடைப்பயணம் நடக்கிறது. 12, 13 வயது மாணவர்கள் தண்ணீர் நிரப்பிய கேன்களைத் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி நடப்பார்கள். சிறிது தூரத்திலேயே கை வலிக்கும், தண்ணீர் சிந்தும், கேன் கைமாறும். வகுப்பில் அவர்கள் படித்த ஒரு புத்தகம்தான் இந்த நடைக்குக் காரணம்.

கொரிய வம்சாவளி அமெரிக்க எழுத்தாளர் லிண்டா சூ பார்க் எழுதி 2010-இல் வெளிவந்த 'எ லாங் வாக் டு வாட்டர்' என்பதே அந்தப் புத்தகம். தண்ணீரைத் தேடிய நெடுநடை என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தென்சூடானைச் சேர்ந்த சல்வா டுட் என்பவரின் உண்மை வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட சிறிய நாவல் இது. நியூயார்க் மாநிலம் வெளியிட்ட 7ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடத்திட்டத்திலும் இடம்பெற்றது. படித்த பிள்ளைகள் கண்கலங்குவதோடு நிற்கவில்லை, காசு திரட்டிக் கிணறு தோண்ட உதவினார்கள்.

ஓர் அகதியின் விடாமுயற்சிக் கதை இவ்வளவு தூரம் சென்றது எப்படி? அந்தக் கதையிலிருந்து பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும் பாடம் இன்றைய நிலைமைக்குப் போதுமா?

அந்தப் புதரை மட்டும் பார்

1985-இல் சல்வாவுக்கு 11 வயது. சூடானில் உள்நாட்டுப் போர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாடம் நடந்துகொண்டிருந்தபோது வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போகாதீர்கள், காட்டுக்குள் ஓடுங்கள் என்றார் ஆசிரியர். அன்று ஓடத் தொடங்கியவன் எத்தியோப்பியா வரை நடந்தான். வழியில் அவனுடைய நண்பனைச் சிங்கம் கொண்டுபோனது. துணைக்கு வந்த மாமாவை ஆயுதக் கும்பல் அவன் கண்ணெதிரே சுட்டுக் கொன்றது.

பாலைவனத்தில் கால் புண்ணாகி அவன் அழுதபோது மாமா சொன்ன வழி எளிமையானது. அதோ தெரிகிறதே, அந்தப் புதர் வரை மட்டும் நட. அங்கே போனதும் அடுத்த மரம். அதற்குப் பிறகு அடுத்தது. வகுப்பறைகளில் பிள்ளைகள் அதிகம் பேசுவது இந்த இடத்தைப் பற்றித்தான். தேர்வுக்குப் பயப்படும் பிள்ளைக்கும், வீட்டில் சண்டை நடக்கும் பிள்ளைக்கும் அந்தப் புதர் புரிகிறது.

1991-இல் எத்தியோப்பிய அரசு கவிழ்ந்தது. முகாமில் இருந்தவர்களைப் படைவீரர்கள் முதலைகள் நிறைந்த கீலோ ஆற்றுக்குள் துரத்தினார்கள். நீரில் மூழ்கியும் குண்டடிபட்டும் முதலைகளிடம் சிக்கியும் ஆயிரம் பேராவது இறந்ததாக நூல் கூறுகிறது. உயிர்தப்பிய சல்வா, சுமார் 1,500 சிறுவர்களை வழிநடத்திக்கொண்டு கென்யாவை நோக்கி நடந்தார். அப்போது அவருக்கு வயது 17 இருக்கும். ஒன்றரை ஆண்டு நடைக்குப் பிறகு 1,200-க்கும் மேற்பட்டோர் உயிருடன் போய்ச் சேர்ந்தனர். 1996-இல் அமெரிக்கா அவரை ஏற்றுக்கொண்டது. நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் ஒரு குடும்பம் அவருக்கு வீடு தந்தது.

பிள்ளைகளை அசைத்தது எது?

சோகம் நிறைந்த புத்தகங்கள் ஏராளம். எல்லாம் பிள்ளைகளை எழுந்து நடக்க வைப்பதில்லை. இந்தப் புத்தகம் வைத்ததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, வயது. ஓடத் தொடங்கும்போது சல்வா, படிக்கும் பிள்ளைகளின் வயதை ஒத்தவன். அவனும் வகுப்பறையில் இருந்துதான் ஓடினான்.

இரண்டாவது, தண்ணீர். சல்வாவின் கதையோடு நியா என்ற கற்பனைச் சிறுமியின் கதையும் நூலில் பின்னப்பட்டுள்ளது. 2008-இல் அவள் தினமும் இரண்டு முறை குளத்துக்கு நடந்து தண்ணீர் கொண்டுவருகிறாள். அவளுக்குப் பள்ளி இல்லை, நேரமும் இல்லை. போரை 12 வயதுப் பிள்ளையால் நிறுத்த முடியாது. ஒரு கிணற்றுக்குக் காசு சேர்க்க முடியும். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. அந்த எடையைக் கையால் தூக்கிப் பார்க்கவும் முடியும். லயத்துப் பொதுக் குழாயில் வாளியோடு வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால், அந்த எடையைப் பற்றி அவர்களும் சொல்வார்கள்.

மூன்றாவது, சல்வா திரும்பிச் சென்றது. அமெரிக்காவில் இருந்தபோது தந்தை உயிரோடு இருக்கும் செய்தி அவருக்குக் கிடைத்தது. ஏறக்குறைய 19 ஆண்டுகளுக்குப் பிறகு மருத்துவமனையில் தந்தையைச் சந்தித்தார். அசுத்தத் தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்ததால் தந்தையின் வயிற்றில் புழுக்கள். அந்தச் சந்திப்பில் பிறந்த எண்ணமே 'வாட்டர் ஃபார் சவுத் சூடான்' அமைப்பு. 2003-இல் தொடங்கிய அந்த அமைப்பு, 2005-இல் தந்தையின் கிராமத்தில் முதல் கிணற்றைத் தோண்டியது. அதன் பிறகு நூற்றுக்கணக்கான கிணறுகள் வந்துவிட்டன. சல்வா டிங்கா இனத்தவர். டிங்காவுக்கும் நூவேருக்கும் நீண்ட காலப் பகை. நூலின் முடிவில், நூவேர் சிறுமியான நியாவின் கிராமத்தில் கிணறு தோண்ட வருபவர் சல்வாதான்.

துளையிடும் இயந்திரத்துக்கு நூலில் 'இரும்பு ஒட்டகச்சிவிங்கி' என்று பெயர். பள்ளிகளுக்கான நிதி திரட்டும் முயற்சிக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்கள். பல பள்ளிகள் ஆண்டுதோறும் அதில் சேர்கின்றன.

கதை சொல்லாத பாதி

இனிதான் சங்கடமான பகுதி. நம் பள்ளிகளில் 'நிலாம்' வாசிப்புத் திட்டத்தில் பிள்ளைகள் புத்தகத்தின் சுருக்கத்தையும் படிப்பினையையும் எழுதுவார்கள். சல்வாவின் கதையைப் படித்தால் படிப்பினை என்ற இடத்தில் பெரும்பாலோர் 'விடாமுயற்சி' என்றே எழுதுவார்கள். தவறில்லை. ஆனால் அது பாதி விடைதான்.

கீலோ ஆற்றில் இறந்தவர்களும் நடந்தவர்கள்தாம். அவர்களிடம் விடாமுயற்சி குறைந்திருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கென்யாவை அடைந்த 1,200 பேரும் சல்வாவைப் போலவே நடந்தார்கள். முகாமிலிருந்து வெளியேறும் பட்டியலில் பெயர் வந்தது சிலருக்குத்தான். சல்வாவை முகாம் வரை கொண்டு சேர்த்தது அவருடைய கால்கள். முகாமிலிருந்து வெளியே கொண்டுவந்தது ஒரு நாட்டின் கொள்கை. 1996-இல் அந்த நாடு கதவைத் திறந்து வைத்திருந்தது.

இன்று நிலைமை வேறு. 2025 ஜனவரி 20-இல் பதவியேற்ற நாளிலேயே அதிபர் டிரம்ப் அகதிகள் குடியமர்வுத் திட்டத்தை நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். முந்தைய அரசு 2025 நிதியாண்டுக்கு நிர்ணயித்த உச்ச வரம்பு 125,000 பேர். 2026 நிதியாண்டுக்கு அது 7,500 ஆகக் குறைக்கப்பட்டது. அதிலும் முன்னுரிமை தென்னாப்பிரிக்க வெள்ளையர்களுக்கு. 2025 ஏப்ரலில் தென்சூடான் கடப்பிதழ் வைத்திருப்போரின் விசாக்கள் அனைத்தும் ரத்து செய்யப்பட்டன. ஆக, அமெரிக்க வகுப்பறையில் சல்வாவின் கதை பாடமாகலாம். 2026-இன் சல்வா அந்த வகுப்பறைக்குள் வருவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

அந்தப் பக்கமோ தேவை குறையவில்லை. தென்சூடான் 2011 ஜூலை 9-இல் தனி நாடானது. 2013 டிசம்பரில் மீண்டும் உள்நாட்டுப் போர். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தென்சூடானியர் இன்றும் அண்டை நாடுகளில் அகதிகள். 2023 ஏப்ரல் 15-இல் சூடானில் வெடித்த போரால் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டித் தென்சூடானுக்குள் வந்தார்கள். சல்வா தங்கியிருந்த கென்யாவின் காக்குமா முகாம் 1992-இல் தற்காலிகமாகத் திறக்கப்பட்டது. இன்னும் மூடப்படவில்லை. வெளிநாட்டு நிதி வெட்டப்பட்டதால் அங்கே உணவுப் பங்கீடும் குறைந்துவிட்டது.

நம் வாசலிலும்

இது எங்கோ நடக்கும் கதை என்று மலேசிய வாசகர் ஒதுக்க முடியாது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்துகொண்டு மலேசியாவில் இருப்போர் 180,000-க்கும் மேல். பெரும்பான்மையோர் மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியா, சின் உள்ளிட்ட இனத்தவர். இலங்கைத் தமிழரும் அவர்களில் உண்டு. 50,000-க்கும் மேற்பட்டோர் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. சமூகத்தினரும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் கற்றல் மையங்களே அவர்களின் பள்ளி. பெற்றோருக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை கிடையாது. இங்கே வந்தவர்களின் நம்பிக்கை முழுவதும் மூன்றாம் நாட்டுக் குடியமர்வில்தான் இருந்தது. அன்று பூலாவ் பீடோங் தீவில் இறங்கிய வியட்னாம் மக்களும் அப்படித்தான் வேறு நாடுகளுக்குச் சென்றார்கள். இங்குள்ள அகதிகளைப் பல ஆண்டுகளாக அதிகமாக ஏற்றுவந்த நாடு அமெரிக்கா. அந்த வாசல் மூடியதன் பொருள், இங்கே கற்றல் மையத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காத்திருப்புக்கு முடிவு தெரியவில்லை என்பதே.

ஆவணம் இல்லாத பிள்ளை பள்ளி வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்பது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்கள் தோட்டத்திலும் பட்டணத்திலும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளும் விடாமுயற்சி உள்ளவர்கள்தாம். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு காகிதமும் அதில் கையெழுத்திடும் ஓர் அதிகாரியும்.

இன்னும் ஒரு கேள்வி

இதையெல்லாம் சொல்வதால் காசு திரட்டிய பிள்ளைகளின் செயல் சிறிதாகிவிடாது. அந்தக் கிணறுகளில் இன்றும் தண்ணீர் வருகிறது. தண்ணீருக்காக நடந்த சிறுமிகள் சிலராவது பள்ளிக்குப் போகிறார்கள். பெரியவர்கள் செய்யத் தவறியதைப் பிள்ளைகள் செய்தார்கள்.

ஆனால் இத்தகைய கதைகளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் படிப்பினையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. 'அவன் எப்படித் தாங்கினான்?' என்று கேட்ட பிறகு, 'அவனை உள்ளே விட்டது யார்?' என்றும் கேட்கலாம். முதல் கேள்வி பிள்ளைக்குத் தைரியம் தரும். இரண்டாவது கேள்வி, வாக்களிக்கும் வயது வரும்போது நினைவுக்கு வரும். அமெரிக்காவில் 2010-இல் இந்தப் புத்தகத்தைப் படித்த 12 வயதுப் பிள்ளைகள் இப்போது 25 வயதைத் தாண்டிவிட்டார்கள். வாசலைத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிக்கும் வாக்காளர்களில் இன்று அவர்களும் இருக்கிறார்கள்.