அரிக்கேன் விளக்கு பழைய இரும்பு அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். யார் மனமாவது வருந்தினால், ரிட்டயர்டு வாத்தியார் புலம்புகிறார் என்று விட்டுவிடுங்கள்.

போன வாரம் ஊரில் பழைய வீட்டைக் காலி செய்தோம். இரண்டு பித்தளைக் குத்துவிளக்கு யாருக்கு என்று முக்கால் மணி நேரம் பேச்சு. பரணில் கிடந்த மூன்று அரிக்கேன் விளக்குகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயின. மூன்றாவதன் டேங்கில் தம்பி மகன் துளை போட்டு, எல்இடி பல்பு மாட்டி, 'ஆன்டிக்' என்று போட்டோ போட்டிருக்கிறான். பாராட்டாத உறவினர் பாக்கியில்லை. நான் மட்டும்தான் பாக்கி. இதோ என் கமெண்ட்.

குத்துவிளக்கு பாரம்பரியம், அரிக்கேன் குப்பை என்று யார் முடிவு செய்தது? தினமும் குத்துவிளக்கு ஏற்றுகிறவன்தான் நானும். ஆனால் வெளிச்சம் என்ற கணக்கில் பார்த்தால் அகலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திறந்த சுடர், ஒரு திரி, கெட்டியான எண்ணெய். அந்த எண்ணெய் திரியில் அதிக உயரம் ஏறாது. அதனால்தான் சுடருக்கு ஒட்டியே எண்ணெய்க் குழி இருக்கிறது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இதே கதைதான்.

மாற்றம் 1780களில் வந்தது. ஜெனீவாக்காரர் ஆர்கண்ட் திரியைக் குழாய் வடிவமாக்கினார். சுடருக்கு உள்ளேயும் வெளியேயும் காற்று கிடைத்தது. சுற்றிலும் சிம்னி வந்ததும் ஒரே சுடர் பல மெழுகுவத்திகளின் வெளிச்சம் கொடுத்தது. அடுத்தது எண்ணெய். 1853-இல், இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்தில், மருந்தாளர் லுகாசியேவிச் பெட்ரோலியத்தைக் காய்ச்சி வடித்து அதில் விளக்கு எரித்தார். ஜூலை 31 இரவு அவ்வூர் மருத்துவமனையில் ஓர் அவசர அறுவை சிகிச்சையே அந்த வெளிச்சத்தில் நடந்தது. மண்ணெண்ணெய் மெல்லியது, திரியில் தானே ஏறும். டேங்க் கீழே, சுடர் மேலே என்று வைக்க முடிந்தது.

அரிக்கேனின் இரண்டு பக்கக் குழாய்களையும் பலர் வெறும் சட்டம் என்று நினைக்கிறீர்கள். இல்லை. 1860களின் கடைசியில் அமெரிக்காவின் ஜான் இர்வின் கண்டுபிடித்த ஏற்பாடு அது. அவற்றின் வழியாகத்தான் காற்று இறங்கிச் சுடருக்குப் போகிறது. வெளியே வீசும் காற்று நேராகச் சுடரில் மோதாது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் அப்பா கையிலும், மாட்டு வண்டியின் அடியிலும் அது அணையாமல் ஆடிக்கொண்டே போனது அதனால்தான். குத்துவிளக்கை எடுத்துக்கொண்டு அப்படிப் போக முடியுமா?

"புகையும் நாற்றமும் வேண்டுமா சார்?" என்று கேட்பீர்கள். வேண்டாம். காலையில் மூக்குக்குள் கரி இருந்ததை நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்த அன்று அதிகம் சந்தோஷப்பட்டது, தினமும் சாம்பல் போட்டுச் சிம்னி துடைத்த அம்மாதான். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் ஒரே அரிக்கேனைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் படித்துத்தான் இந்தக் குடும்பம் உத்தியோகம் பார்த்தது. அதை எடைக்குப் போட்டுவிட்டுப் பித்தளைக்குச் சண்டை போட்டால், நாம் மதிப்பது பாரம்பரியத்தை அல்ல, உலோகத்தின் விலையை.

ஒன்பதாம் வகுப்பில் நான் அரிக்கேனைப் பிரித்துக் காட்டியது என் மாணவர்களுக்கு நினைவிருக்கும். நுண்புழை ஏற்றம், வெப்பச் சலனம், எரிதல், மூன்று பாடமும் ஒரே பொருளில். துளை போட்ட விளக்கு ஒன்றையும் சொல்லித்தராது.

அதனால் போகிக்குப் பரணைக் காலி செய்யும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். துளை போடாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். எண்ணெயை வடித்துத் துடைத்து, யார் பயன்படுத்தியது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். வீட்டில் இடமில்லை என்றால் பக்கத்து அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.

தம்பி மகனே, பெரியப்பாவுக்குக் கோபமில்லை. அந்தத் துளையை ஈயம் வைத்து அடைக்கலாம். நீ பல்பைக் கழற்றி வை. பொங்கலுக்கு வரும்போது திரி நான் வாங்கி வருகிறேன். உன் பிள்ளைகளுக்கு ஒரு தடவை ஏற்றிக் காட்டுவோம்.