காசைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க

பட்டணத்து நண்பர்களே, உங்களோட ஒரு சண்டை பாக்கி இருக்கு.

1970-ல "அனைவருக்கும் உணவு"ன்னு 20 பைசா, 1973-ல "அதிக உணவு விளைவிப்போம்"னு 50 பைசா. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்போட திட்டத்துக்காக நம்ம அரசாங்கம் அடிச்ச நினைவு நாணயங்கள். எங்க உழவைப் பத்தின காசு. ஊர்ல அஞ்சறைப் பெட்டிக்குள்ள இன்னும் கிடக்கு. லீவுக்கு வர்ற நீங்க அதை எடுத்து, புளி போட்டுத் தேய்ச்சு, பளபளன்னு படம் பிடிச்சுப் போடறீங்க.

அது அழகுபடுத்தறது இல்லைங்க, அழிக்கறது. புளிப்பு மேல்பரப்பை அரிக்குது, தேய்ப்பு கீறல் போடுது. போன நிறம் திரும்பாது. சேகரிக்கறவங்ககிட்ட மதிப்பும் விழுந்துடும்.

"மங்கலா இருந்தா படம் எடுபடாதே"ன்னு கேப்பீங்க. குறை காசுல இல்ல, வெளிச்சத்துல. பிளாஷை அணைச்சுட்டு, ஜன்னலோரமா, பக்கவாட்டு வெளிச்சத்துல வெச்சு எடுங்க. எழுத்து எழும்பி நிக்கும். தொடும்போது விளிம்பை மட்டும் பிடிங்க.

சந்தையிலயும் விதைக்கடையிலயும் கை மாறிக் கை மாறிக் கறுத்த காசு அது. அந்தக் கறுப்புதான் அது பொழைச்ச பொழைப்புக்குச் சாட்சி. அதைக் கழுவிட்டா மிச்சம் வெறும் உலோகம்.

புளி குழம்புக்கு இருக்கட்டும்.