ரப்பர் பேண்டு வேதியியல்

திருவனந்தபுரத்தில் எங்கள் அண்டை வீட்டுப் பெண் வேதியியல் முதுகலை மாணவி. அவளுடைய கல்லூரியில் ஹெக்சேனில் மிளகுச் சாறு இறக்கி, பிறகு ஹெக்சேனை மட்டும் காய்ச்சி வடித்துப் பிரித்தார்கள். வடிந்ததைப் பிடித்த குடுவை ஒரு ரப்பர் பேண்டை நம்பித் தொங்கியது. கால் லிட்டர் சேர்ந்தபின் பேண்டு அறுந்து, குடுவை மேஜையில் சிதறியது. நல்லவேளை, வேலை முடிந்து ஹீட்டர் ஆறியிருந்தது. ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேஜையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும்.

ரப்பர் விளையும் மாநிலத்தில் இருந்துகொண்டு ரப்பரைக் குறைசொல்லக் கூடாதுதான். ஆனால் ஹெக்சேன் பட்டால் அது ஊதி, வலுவிழந்துவிடும்.

இந்தக் கண்ணாடி மூட்டுகளில் திருகு கிடையாது. தேய்த்த கூம்பு ஒன்று இன்னொன்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. 'பி 24' என்றால் அகன்ற முனை 24 மில்லிமீட்டர், தேய்த்த நீளம் 29. மேலே இருப்பது தன் கனத்தால் உட்காரும். கீழே தொங்குவது அதே கனத்தால் கழன்று விழும். அதற்குத்தான் பிளாஸ்டிக் கிளிப். 14க்கு மஞ்சள், 19க்கு நீலம், 24க்குப் பச்சை. 140 டிகிரிக்கு மேல் அதை நம்பக் கூடாது. சூடான இடத்துக்கு உலோகக் கிளிப். அப்போதும் பெரிய குடுவைக்கு அடியில் முட்டு வேண்டும்.

விபத்துக்குப் பிறகு துறையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்காக அதைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எல்லா மூட்டுகளையும் 'செக்யூர்' செய்யவும் என்று ஒரு வரி. 'இறுக மூடவும்' என்று எழுதிவிட்டேன். அவள் பதறிப்போனாள். காய்ச்சும்போது எங்காவது ஒரு வாய் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் அடைத்துச் சூடேற்றினால் ஆவிக்குப் போக்கிடம் இருக்காது, குடுவையே குண்டாகிவிடும். கிளிப் போட்ட மூட்டு கழன்றுகூட வழிவிடாது. முதுகலைத் தமிழ் படித்தவன் ஒரு சொல்லில் ஆய்வகத்தையே தகர்த்திருப்பேன். 'கழலாமல் பிடித்து நிறுத்தவும். காற்றுப் போகும் வாயை அடைக்க வேண்டாம்' என்று மாற்றினேன்.

மலையாளத்தில் கண்ணாடிக்குச் 'சில்லு' என்றும் பெயர். தமிழில் உடைந்த பிறகுதான் அது சில்லு.

கிளிப் கேட்டுத் துறை எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. பச்சையில் இரண்டை அவள் சொந்தக் காசில் வாங்கிவிட்டாள்.